சிந்தெடிக் ஆயில் யாருக்குப் பலன், யாருக்கு வீண்: கொங்குப் பகுதி வண்டிகளுக்கான முழுமையான என்ஜின் ஆயில் வழிகாட்டி

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்காரர்களிடம் ஆயில் மாற்றி எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் பதில் மணிக்கணக்கில் வரும். போர் போடும்போது கம்ப்ரசரை ஓட்டும் என்ஜின் நின்ற இடத்திலேயே ராப்பகலாக முழு லோடில் உறுமுகிறது. அதற்குக் கிலோமீட்டர் என்ற பேச்சே கிடையாது. கார், பைக், டெம்போ வைத்திருப்பவர்கள் மட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டு "இன்னொரு ஆயிரம் ஓடட்டுமுங்க" என்கிறார்கள். ரிக்காரர்களின் கணக்கே சரி. ஆயிலைக் கெடுப்பது தூரம் அல்ல. அது பட்ட சூடு, அதில் சேர்ந்த தூசி, அதில் கலந்த பெட்ரோல், டீசல், தண்ணீர் இவைதான் கெடுக்கின்றன. சிந்தெடிக் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என்ஜினுக்குள் ஆயில் செய்யும் வேலை

என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயிலைப் பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாக அனுப்பி, பிளாக்கில் துளைத்திருக்கும் பாதைகளில் ஏற்றுகிறது. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கிராங்க் சுற்றும் வேகமே ஆயிலை அந்தச் சந்துக்குள் ஆப்பு போல இழுத்துச் செருகி, ஷாஃப்ட்டைத் தூக்கி நிறுத்துகிறது. அதாவது ஓடும் என்ஜினில் கிராங்க் இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, ஆயிலில் மிதக்கிறது. பம்ப் அழுத்தம் விழுந்தால் இந்த மிதப்பு போய்விடும். சில நிமிடங்களில் பேரிங் உருகி ஒட்டிக்கொள்ளும். "என்ஜின் சீஸ் ஆயிருச்சு" என்பது இதைத்தான்.

எல்லா இடத்திலும் இப்படி மிதப்பு கிடைக்காது. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்திலும், கேம் டேப்பட்டை அமுக்கும் இடத்திலும், காலையில் முதல் ஸ்டார்ட்டின்போதும் இரும்பும் இரும்பும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. அங்கே காப்பது ஆயிலில் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். அது உலோகத்தின் மேல் மெல்லிய தோல் போலப் படிந்து, தான் தேய்ந்து இரும்பைக் காக்கிறது.

மூன்றாவது வேலை அழுக்கைச் சுமப்பது. டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்ற இரண்டு சேர்மானங்கள் கரியையும் அமிலத்தையும் பிடித்து, படியவிடாமல் மிதக்க வைக்கின்றன. அதனால் டீசல் வண்டியில் ஆயில் மாற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே "கருத்துப் போச்சுங்க" என்று பதற வேண்டாம். கருக்கிறது என்றால் வேலை செய்கிறது. மாதக்கணக்கில் ஓடியும் தேன் நிறத்திலேயே இருக்கும் டீசல் ஆயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

டப்பாவில் சிந்தெடிக் என்று இருந்தால் உள்ளே என்ன?

எந்த ஆயிலும் அடிப்படை எண்ணெயும் சேர்மானங்களும் கலந்ததுதான். அடிப்படை எண்ணெயை ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. குரூப் 1, 2 இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. கடையில் மினரல் ஆயில் என்று விற்பது இவைதான். குரூப் 3-உம் கச்சாவிலிருந்தே வருகிறது. ஆனால் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் செலுத்தி மூலக்கூறுகளையே மாற்றி அமைக்கிறார்கள். குரூப் 4 என்பது பி.ஏ.ஓ., வாயுவிலிருந்து கட்டி எழுப்பிய செயற்கை எண்ணெய். எஸ்டர் போன்ற மிச்சமெல்லாம் குரூப் 5.

அமெரிக்காவில் 1999-ல் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு நடுவே வந்த விளம்பரத் தகராறில், குரூப் 3-ஐயும் சிந்தெடிக் என்று சொல்லலாம் என்று முடிவாயிற்று. அதன் பிறகு உலகம் முழுக்க "ஃபுல்லி சிந்தெடிக்" என்று விற்பதில் பெரும்பகுதி குரூப் 3 தான். அது ஏமாற்று அல்ல. நல்ல குரூப் 3 ஆயில் மினரலைவிட எவ்வளவோ மேல். ஆனால் "செமி சிந்தெடிக்" என்ற சொல்லுக்கு இத்தனை சதவீதம் சிந்தெடிக் இருந்தாக வேண்டும் என்ற பொது அளவு இல்லை. டப்பாவின் முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பின்பக்கத்தில் முதலில் 5டபிள்யூ-30 போன்ற, கெட்டித்தன்மையைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. எண் இருக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம். அதன் முன்னால் உள்ள எண் உறைபனியில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது: 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3.

அடுத்தது ஏ.பி.ஐ. தரம். பெட்ரோல் வண்டிக்கு எஸ் வரிசை: எஸ்.என். 2010-ல் வந்தது, எஸ்.பி. 2020-ல். டர்போ பெட்ரோல் கார்களில் குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறு உண்டு. அதைத் தடுக்கும் சோதனை எஸ்.பி. தரத்தில் இருக்கிறது, எனவே டர்போ பெட்ரோலுக்கு எஸ்.பி.க்குக் கீழே இறங்காதீர்கள். டீசலுக்கு சி வரிசை: லாரிகளில் பழகிய சி.ஐ.-4, அதன் பிறகு 2016-ல் வந்த சி.கே.-4. பி.எஸ்.6 டீசலில் புகைபோக்கியில் டி.பி.எஃப். என்ற கரிவடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். காராக இருந்தால் மேனுவலில் பெரும்பாலும் ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர்களின் தரமான ஏ.சி.இ.ஏ. சி2 அல்லது சி3 என்று போட்டிருப்பார்கள். சாம்பல் அதிகமுள்ள பழைய ஆயில் போட்டால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆயிலில் மிச்சம் பிடித்த காசு அதன் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பைக்குக்கு இதெல்லாம் போக ஜாஸோ என்ற ஜப்பானியத் தரத்தின் எழுத்து முக்கியம். பைக்கில் என்ஜினும் கியரும் கிளட்சும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. மைலேஜுக்காக வழுக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். கியர் பைக்குக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2, கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி.

நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயிலா?

கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டு, 5டபிள்யூ-30 கேட்கும் காருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இன்னமும் உண்டு. தண்ணீர் சுற்றும் என்ஜினில் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். வெளியே 25 ஆக இருந்தாலும் 41 ஆக இருந்தாலும் ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் ஓடும். மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த என்ஜினில் பேரிங் சந்து, டைமிங் செயின் டென்ஷனர், வால்வு நேரத்தை மாற்றும் கருவி எல்லாமே அந்த இளக்கத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. கெட்டி ஆயில் போட்டால் காலையில் மேலே ஏறத் தாமதமாகும், செயின் கலகலக்கும், மைலேஜும் இறங்கும். காற்றில் ஆறும் பைக் என்ஜின் வேறு கதை. அது வெயிலோடு சூடேறும். அங்கேயும் மேனுவலில் கொடுத்திருக்கும் இரண்டு மூன்று கிரேடுகளுக்குள் கெட்டியானதை எடுத்தால் போதும்.

குளிர் ஸ்டார்ட்டில் சிந்தெடிக் பறக்கும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது நமக்குப் பாதிதான் பொருந்தும். கோவையில் மார்கழிக் காலையில் மைனஸ் 30-ஐ யாரும் காணப்போவதில்லை. நமக்குச் சிந்தெடிக்கால் கிடைக்கும் பெரிய பலன் அடுத்த முனையில், கொதிக்கும் முனையில் இருக்கிறது. அது எளிதில் ஆவியாகாது, ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டுக் களிம்பாகாது, சூட்டில் படலம் கிழியாது. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனையில் இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களுக்கு மேல் வரம்பு 15 சதவீதம். நல்ல சிந்தெடிக்குகள் அதற்கு நன்றாகக் கீழேயே நிற்கின்றன.

யாருக்குப் பலன்? முதல் இடம் டர்போ வண்டிகளுக்கு. டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஆயில் படலத்தில் மிதந்து சுற்றுகிறது, அதன் ஒரு முனை புகைபோக்கிச் சூட்டில் இருக்கிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி ஏறி வால்பாறைக்கோ, பண்ணாரியிலிருந்து 27 வளைவு ஏறித் திம்பத்துக்கோ போய், மேலே சேர்ந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தால் பம்ப் நின்றுவிடும். டர்போவுக்குள் தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். சிந்தெடிக் அந்த வேக்காட்டைத் தாங்கும். அப்படியிருந்தும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பதே முறை. அடுத்து, லோடு ஏற்றிக் கொல்லிமலை ஏறும் பிக்கப்புகள், ரிக் என்ஜின்கள், நான்கு வழிச்சாலையில் நாள் முழுக்க ஓடும் வாடகைக் கார்கள், சூட்டில் கியர் இறுகும் கியர் பைக்குகள்.

யாருக்கு வீண்? ஆயில் குடிக்கும், ஒழுகும் பழைய என்ஜினுக்கு வீண். பிஸ்டன் ரிங் தேய்ந்து மாதம் ஒரு லிட்டர் கேட்கும் வண்டிக்கு விலை உயர்ந்த ஆயிலை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் பன்னீர் நிரப்புவது போல. மேனுவலில் மினரலே போதும் என்று சொல்லி, மூவாயிரத்துக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றும் பழைய 100 சிசி பைக்குக்கும் அவசியமில்லை.

தூசியை எந்தச் சிந்தெடிக்காலும் வெல்ல முடியாது. இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். திருப்பூர், பல்லடம், சோமனூரில் பஞ்சுத் துகள், பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் தேங்காய் நார்த் தூள், கரூர்ப் பக்கம் கிரஷர் தூசி. பஞ்சும் நாரும் ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டரையும் அடைத்து என்ஜினைச் சூடாக்கும். கல்தூசி அதைவிட மோசம். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனால் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே அரம் போல அராவும். இந்த ஊர்களில் "சிந்தெடிக்தானே, 10,000 ஓட்டலாம்" என்று இழுக்காதீர்கள். ஏர் ஃபில்டரை இரண்டாயிரத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த காற்றில் ஊத வேண்டும். டயரில் தட்டித் தூசி உதறினால் காகித மடிப்பு விரிசல் விடும்.

எப்போது மாற்றுவது

மேனுவலில் இரண்டு அட்டவணை இருக்கும்: சாதாரண ஓட்டம், கடின ஓட்டம். காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் நடுவே தினம் நான்கு கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரும் கடின ஓட்டத்தில்தான் சேரும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவதால் தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. அதனால் வருடத்துக்கு இரண்டாயிரம்தான் ஓடியது என்றாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றியாக வேண்டும். மணிக்கணக்கு மீட்டர் இல்லாத வண்டி அதிகம் ஐடிலில் நின்றால், ஒரு மணி நேர ஐடிலை 40 முதல் 50 கிலோமீட்டர் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலைகளின் ஜெனரேட்டருக்கு மாடலைப் பொறுத்து 250 அல்லது 500 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். மின்தடையே இல்லாத வருடமாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம்.

செலவை ஒரு உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். 3.5 லிட்டர் கார். மினரல் லிட்டர் 350 ரூபாய், 5,000-க்கு ஒரு முறை. சிந்தெடிக் லிட்டர் 700, 10,000-க்கு ஒரு முறை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு இரண்டிலும் ஆயில் செலவு 2,450 தான். ஃபில்டர் 200, கூலி 300 என்று வைத்தால் மினரல்காரர் அதை இரண்டு தடவை கொடுக்கிறார். மொத்தம் 3,450-க்கு எதிராக 2,950. ஆனால் சிந்தெடிக்கையும் 5,000-லேயே மாற்றுகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் காசு கொடுத்து நிம்மதி வாங்குகிறார், அவ்வளவுதான்.

படிப்படியாக: வீட்டு வாசலில் ஆயில் மாற்றுதல்

தேவையானவை: ஆயில், ஃபில்டர், புது டிரெயின் வாஷர், டிரெயின் போல்ட்டுக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர், ஃபில்டர் ரென்ச், ஐந்து லிட்டர் பிடிக்கும் அகலமான தட்டு, புனல், துணி. சிறிய பெட்ரோல் கார்களுக்கு 3 முதல் 3.5 லிட்டர் பிடிக்கும். 100 சிசி பைக்குக்கு வடித்து ஊற்ற 900 மில்லி அளவு, 110 சிசி ஸ்கூட்டருக்கு 650 முதல் 700 மில்லி. ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டர் டப்பாவை முழுக்கக் கவிழ்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி அணையுங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகி அழுக்கோடு வரும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். காரைத் தூக்கினால் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பைக் என்றால் சென்டர் ஸ்டாண்ட்.

மேலே ஆயில் மூடியைத் தளர்த்திவிட்டு, அடியில் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகினால் ஆயில் முழங்கை வரை ஓடாது. பதினைந்து நிமிடம் வடியட்டும். போல்ட்டைத் துடைத்துப் பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டு, முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். பெரும்பாலான கார்களுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். நீள பைப் மாட்டித் தொங்கினால் அலுமினியச் சம்ப்பில் திரேடு போய்விடும். ஐந்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகும்.

அடுத்து ஃபில்டர். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் இரண்டு வளையமும் பிதுங்கி ஆயில் முழுக்கத் தரையில் கொட்டும். புது வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ரென்ச் கழற்றுவதற்கு மட்டும். சில 100 சிசி பைக்குகளில் காகித ஃபில்டர் கிடையாது. கிராங்க் முனையில் சுற்றி அழுக்கை ஒதுக்கும் ரோட்டரும் ஒரு வலைச் சல்லடையும் இருக்கும். ஆயில் மாற்றிக்கொண்டே இருந்து, அதை வருடக்கணக்கில் திறக்காமல் விட்ட பைக்கில் அழுக்கு களிமண் போல இறுகிக் கிடக்கும்.

மேனுவல் சொன்ன அளவில் கால் லிட்டர் குறைவாக ஊற்றுங்கள். பைக், ஸ்கூட்டர் என்றால் ஐம்பது மில்லி குறைவு. ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுக்காமல் விட்டால் காரில் சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் அளவுதான். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் அழுத்தம் விழும். "அதிகம் இருந்தால் நல்லதுதானே" என்பது இங்கே செல்லாது.

வடித்த ஆயிலைப் படித்தல்

தட்டை வெயிலில் வைத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறம் என்றால் கூலன்ட் கலக்கிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்பாசி இருந்தால் அது குறுகிய ஓட்டத்தின் ஈரம், பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பெட்ரோல் நெடி அடித்தால் எரிபொருள் இறங்குகிறது. டி.பி.எஃப். டீசல்களில் கரியை எரிக்க அதிகப்படியாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கும். டவுனுக்குள்ளேயே ஓடும் அந்த வண்டிகளில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறுவதைக் கண்டால் சந்தோஷப்படாமல் மாற்றிவிடுங்கள். தட்டில் தங்கப்பொடி, வெள்ளிப்பொடி போல மினுங்கினால் பேரிங் கரைகிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

புகையும் பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீல். மேட்டில் இழுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குறைந்தால் காரணத்தைத் தேடுங்கள். ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால், பெருந்துறை பைபாஸில் இருந்தாலும் சரி, "அவினாசி வரை போய்ப் பார்த்துக்கலாம்" என்று நினைக்காமல் ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும்.

மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறுதல்

தனிச் சடங்கு எதுவும் வேண்டாம். பழையதை வடித்து, ஃபில்டர் மாற்றி, புதியதை ஊற்றினால் போதும். அவசரத்துக்கு இரண்டையும் கலந்தாலும் என்ஜின் கெடாது, சிந்தெடிக்கின் பலன்தான் குறையும். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய, பராமரிப்பு தெரியாத வண்டியில் முதல் சிந்தெடிக்கைப் பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள். பழைய களிம்பை அது கழுவிக்கொண்டு வரும், ஃபில்டர் சீக்கிரம் அடையும். "சிந்தெடிக் போட்டதும் ஒழுக ஆரம்பிச்சுருச்சு" என்பார்கள். ஏற்கெனவே வறண்டு வெடித்த சீலை அடைத்துக்கொண்டிருந்த களிம்பு போனதால் வந்த ஒழுகல் அது. இப்படிப்பட்ட வண்டியில் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவுவதையும் தவிருங்கள். பெயர்ந்த கட்டி சம்ப் சல்லடையை அடைத்தால் பம்புக்கு ஆயில் போகாது.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். தென்னைக்குச் செல்லும் வாய்க்காலில் படர்ந்தால் மண் பல காலத்துக்குத் தேறாது. மூடிய கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். காலி டப்பாவை ஆணியால் குத்தி ஓட்டை போட்ட பிறகே பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டும். முழுசாகப் போன டப்பா, போலி ஆயில் நிரம்பி மறுபடி கடைக்கு வரும். ஸ்டிக்கர் ஒன்றில் தேதி, கிலோமீட்டர், கிரேடு மூன்றையும் எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்காரர் "என்ன ஆயிலுங்க போட்டிருக்கு?" என்று கேட்பார்.